கிராபிக்ஸ் கார்டு பில்லில் சிப்பின் பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினிகளைக் காயலான் கடைக்குப் போடாமல் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பயன்படுத்துங்கள் என்று உங்கள் நாளிதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. வெட்டியெடுத்து என் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அதைப் படித்துவிட்டுப் பலர் தேடி வந்தார்கள், இன்னும் வருகிறார்கள். ஆனால் அதில் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தால் எங்கள் பக்கத்தில் பல பேர் லினக்ஸைப் போட்ட மறுநாளே ‘இது நமக்கு ஒத்து வராது’ என்று விட்டுவிடுகிறார்கள். அது கிராபிக்ஸ் டிரைவர், அதாவது திரைக்குப் படம் அனுப்பும் சிப்பை ஓட்டுகிற மென்பொருள். கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு கடை நடத்துகிறேன். கணினி பழுது பார்ப்பதும் உண்டு. அக்காள்மடம், பாம்பன், மண்டபம் என்று உச்சிப்புளி வரைக்கும் ஆட்கள் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது இந்த வேலை கூடிவிடும். வீட்டில் ஆண்கள் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை வந்துவிடும். பரணில் கிடந்த கணினியெல்லாம் அப்போதுதான் கீழே இறங்கும்.

வருகிறவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் மூன்று விதம்தான். பென்டிரைவில் நன்றாக ஓடியது, போட்டு முடித்து ரீஸ்டார்ட் செய்ததும் திரை கறுத்துப்போனது என்பார்கள். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது, பாதி ஜன்னல் திரைக்கு வெளியே போய்விடுகிறது என்பார்கள். அல்லது, ஒரு வீடியோ போட்டாலே ஃபேன் இரைகிறது, லினக்ஸ் ரொம்ப ஸ்லோ என்பார்கள். மூன்றுக்கும் ‘கணினி பழசு’ என்றுதான் காரணம் சொல்லப்படுகிறது. கணினியின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் சிப் எது, அதை இப்போது எந்த டிரைவர் ஓட்டுகிறது என்ற இரண்டு கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்தப் பதிலை லினக்ஸே சொல்லும். பணம் கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டியதில்லை. கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் எல்எஸ்பிசிஐ என்று ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடு போட்டு, அதை ஒட்டி என், என், கே என்று மூன்று எழுத்து (lspci -nnk). என்டர் தட்டினால் போர்டில் இருக்கிற எல்லாச் சிப்பும் வரிசையாக வரும். அதில் ‘விஜிஏ’ அல்லது ‘3டி கண்ட்ரோலர்’ என்று தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குறிக்குள் நடுவில் முக்காற்புள்ளி வைத்து ஓர் எண் இருக்கும். முன் பாதி 8086 என்றால் இன்டெல். 1002 என்றால் ஏஎம்டி. 10டிஇ என்றால் என்விடியா. பின் பாதி அந்தச் சிப்புக்கே உரிய எண். அதற்குக் கீழே ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்று ஒரு வரி வரும். இப்போது வேலை பார்க்கிற டிரைவர் அதுதான். அந்த வரியே காணோம் என்றால் சிப்பை ஓட்ட ஆளில்லை என்று பொருள். அதற்கும் கீழே ‘கெர்னல் மாட்யூல்ஸ்’ என்று இன்னொரு வரி இருக்கும். அது வைத்திருக்கிற டிரைவர்களின் பட்டியல் மட்டுமே. பலரும் அந்த வரியைப் பார்த்துவிட்டு ‘டிரைவர் இருக்கே’ என்கிறார்கள். இருப்பது வேறு, ஓடுவது வேறு.

இன்டெல் என்று வந்தால் கவலையே இல்லை. ஐ915 என்ற டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் தேடிப் போட வேண்டாம். ஏஎம்டியும் இன்று அப்படித்தான். எச்டி 5450, 6450 மாதிரிப் பழைய கார்டுகளை ரேடியான் என்ற டிரைவர் ஓட்டும், ஆர்எக்ஸ் வரிசையை ஏஎம்டிஜிபியு ஓட்டும். இரண்டும் கெர்னலோடு வருபவை, கூடவே சிப்புக்குள் ஏற்றுகிற ஃபர்ம்வேர் கோப்புகள் மட்டும் இருக்க வேண்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போடுகிறவர்களுக்கு முன்பெல்லாம் இந்த ஃபர்ம்வேர் தனித் தலைவலி. 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து நிறுவும் கோப்பிலேயே சேர்த்துத் தந்துவிடுகிறார்கள். யூடியூபில் இன்னும் சிலர் ஏஎம்டி கார்டுக்கு எஃப்ஜிஎல்ஆர்எக்ஸ் டிரைவரைப் போடச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 2016இல் வந்த உபுண்டு 16.04 லினக்ஸிலேயே அதை எடுத்துவிட்டார்கள். தயவுசெய்து அதன் பின்னால் போகாதீர்கள்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். என்னிடம் வந்த அந்த மடிக்கணினிகளில் இருந்ததெல்லாம் போர்டோடு சேர்ந்த இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸ்தான். அவற்றில் இன்றைய லினக்ஸைப் போட்டால் டிரைவரால் தகராறு வந்து நான் பார்த்ததில்லை. பேட்டரி போயிருக்கும், கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யாது, அது வேறு கதை.

சிக்கல் பெரும்பாலும் என்விடியாவில்தான் வருகிறது. பாம்பனில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒரு தம்பி, கல்யாண வீடியோவும் சர்ச் திருவிழா வீடியோவும் எடிட் செய்கிறவர், போன தடைக்காலத்தில் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியூரில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டாக ஜிடி 730 கார்டு வாங்கியிருக்கிறார். பில்லில் ‘ஜிடி 730 2 ஜிபி’, அவ்வளவுதான். ஜிடி 730க்கு என்விடியாவின் 470 வரிசை டிரைவர் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், போட்டிருக்கிறார். திரை கறுத்துவிட்டது. “அக்கா, கார்டு செத்துப்போச்சு. கடையில் கேட்டால் விற்ற பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்” என்று வந்து நின்றார்.

கார்டு சாகவில்லை. கணினியைப் போட்டதும் வரும் கிரப் பட்டியலில், மேல் வரியில் நின்று ஆங்கில ‘இ’ (e) எழுத்தைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் நீண்ட வரியின் கடைசியில் கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கி வைக்கும் நோமோட்செட் (nomodeset) என்ற ஒரே சொல்லைச் சேர்த்து, எஃப்10 அழுத்தினேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது. அழகாக வராது, பெரிய எழுத்தோடுதான் வரும், ஆனால் வேலை பார்க்க அது போதும். எல்எஸ்பிசிஐ கொடுத்துப் பார்த்தால் 10டிஇ, முக்காற்புள்ளி, 0எஃப்02. சிப்பின் பெயர் ஜிஎஃப்108. இது 2010இல் வந்த, ஃபெர்மி என்ற தலைமுறைச் சிப். 470 டிரைவருக்கு இந்தச் சிப்பைத் தெரியவே தெரியாது.

2014இல் ஜிடி 730 என்ற ஒரே பெயரில் வெவ்வேறு கார்டுகள் சந்தைக்கு வந்தன. சிலவற்றில் ஜிஎஃப்108 என்ற ஃபெர்மி சிப், சிலவற்றில் ஜிகே208 என்ற, அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப். ஒரே பெயரைப் பக்கவாட்டில் எழுதிய இரண்டு படகில் வேறு வேறு இன்ஜின் இருப்பதைப் போலத்தான். பெயரைப் பார்த்து உதிரிபாகம் வாங்கினால் என்ன ஆகும்? கெப்ளராக இருந்தால் 470 வரிசை டிரைவர். ஃபெர்மியாக இருந்தால் 390 வரிசை. அதற்கும் முந்தைய ஜி210 போன்றவற்றுக்கு 340 வரிசை. இதில் 340ஐ நிறுவனம் 2019 இறுதியோடு நிறுத்திவிட்டது. 390 2022 இறுதியோடு முடிந்தது. 470 2024இல் முடிந்தது. நிறுத்திய வரிசைகள் புதிய கெர்னலோடு தானாகச் சேர்வதில்லை. ஜிடிஎக்ஸ் 1050 போன்ற கார்டு வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும், அவற்றுக்கு 580தான் கடைசி வரிசை.

அந்தத் தம்பியின் கணினியில் 470ஐ முழுக்க நீக்கிவிட்டு, கெர்னலோடு வரும் நூவோ டிரைவரையே திரும்ப ஓடவிட்டேன். நூவோ 2010இல் வந்த 2.6.33 கெர்னலிலிருந்து லினக்ஸோடு வருகிறது. நிறுவனத்தின் உதவி இல்லாமல், சிப்பின் நடத்தையைப் பார்த்துப் பார்த்துத் தன்னார்வலர்கள் எழுதிய டிரைவர். அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஃபெர்மி கார்டில் சிப்பின் வேகத்தை அதனால் ஏற்ற முடியாது. கணினி தொடங்கும்போது இருந்த குறைந்த வேகத்திலேயே ஓடும். கடிதம் எழுத, படம் பார்க்க, இணையம் பார்க்கத் தாராளம். கல்யாண வீடியோ எடிட்டிங்குக்குப் பற்றாது. அதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அப்புறம் அவர் ஆர்எக்ஸ் 550 ஒன்று வாங்கி மாட்டினார். எந்த டிரைவரும் போடவில்லை, மாட்டியதும் ஏஎம்டிஜிபியு எடுத்துக்கொண்டது. பழைய வீடியோ ஒன்றைப் பார்த்து அவர் உருவாக்கி வைத்திருந்த எக்ஸ்ஆர்க் கான்ஃப் என்ற கோப்பை மட்டும் அழித்தேன். அதில் ‘என்விடியா’ என்று எழுதியிருந்தால் புதுக் கார்டு மாட்டினாலும் திரை பழைய டிரைவரையே தேடிக்கொண்டு நிற்கும்.

இரண்டு கார்டுக்குப் பணம் போட்டார் அந்தத் தம்பி. முதல் பில்லில் ஜிஎஃப்108 (GF108) என்று ஐந்து எழுத்து இருந்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

என்விடியா கார்டு சரியான வகைதான் என்று உறுதியான பிறகு டிரைவர் போடுவது கஷ்டமில்லை. லினக்ஸ் மின்டில் ‘டிரைவர் மேனேஜர்’, உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்று இருக்கும். திறந்தால் உங்கள் சிப்புக்கு ஏற்றதை அதுவே ‘ரெகமண்டட்’ என்று காட்டும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. நிறுவனத்தின் தளத்துக்குப் போய் ‘ரன்’ என்று முடியும் கோப்பை இறக்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த கெர்னல் அப்டேட் வந்ததும் அது உடையும். மேனேஜர் வழியாகப் போட்டால் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் டிரைவரைத் திரும்பக் கட்டிக் கொடுக்கும்.

ஓர் இடத்தில் மட்டும் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து இல்லாத மென்பொருளைத் தொடக்கத்திலேயே தடுக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஆன் ஆகி இருக்கும் கணினியில் இந்த டிரைவரைப் போடும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ஏதோ கேட்கிறதே என்று எதையாவது அடித்துவிட்டு மறந்துவிடுவார்கள். ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை வரும். வைரஸ் வந்துவிட்டது என்று பயந்து எனக்கு போன் போடுகிறார்கள். அது வைரஸ் இல்லை. புது டிரைவரின் கையெழுத்தை இந்தக் கணினி ஏற்கலாமா என்று உங்களைக் கேட்கிற திரை. ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து வினாடிதான் காத்திருக்கும், அதற்குள் அழுத்த வேண்டும். பிறகு ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, ‘கன்டின்யூ’, ‘யெஸ்’, முன்பு கொடுத்த அதே பாஸ்வேர்டு, ‘ரீபூட்’. ‘கன்டின்யூ பூட்’ என்று கொடுத்துத் தாண்டிவிட்டால் டிரைவர் டிஸ்க்கில் இருக்கும், ஆனால் கெர்னல் அதை ஏற்றாது. அந்தப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுத்தான் நான் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடுவேன்.

எங்கள் ஊரில் கரண்ட் போவதும் மொபைல் டேட்டா பாதியில் நிற்பதும் சகஜம். கெர்னல் அப்டேட் நடந்துகொண்டிருக்கும்போது அப்படி ஆனால் டிகேஎம்எஸ் தன் வேலையை முடித்திருக்காது, மறுநாள் கறுப்புத் திரை வரும். பயப்பட வேண்டாம். கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போனால் முந்தைய கெர்னல் அப்படியே இருக்கும். அதில் நுழைந்து, பாதியில் நின்ற அப்டேட்டை முடியுங்கள்.

நோமோட்செட் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அது உள்ளே நுழைய மட்டும்தான். சிலர் அதை கிரப் கோப்பிலேயே நிரந்தரமாக எழுதி வைத்துவிடுகிறார்கள், பழுது பார்ப்பவர்களும்கூட. திரை வருகிறதே என்று வாடிக்கையாளரும் பேசாமல் இருந்துவிடுகிறார். அப்படி வைத்தால் கிராபிக்ஸ் சிப் சும்மா கிடக்கும், படம் வரைகிற வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும். ஃபேன் இரைவது அதனால்தான். மெசா-யூட்டில்ஸ் என்ற தொகுப்பைப் போட்டு, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறு கோடும் ஆங்கிலப் பெரிய ‘பி’ எழுத்தும் கொடுங்கள் (glxinfo -B). ‘ஓபன்ஜிஎல் ரெண்டரர்’ வரியில் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் சிப் வேலை செய்யவில்லை. உங்கள் சிப்பின் பெயர் இருந்தால் எல்லாம் சரி. லினக்ஸ் ஸ்லோ என்று வருகிற கணினியில் நான் முதலில் பார்க்கிற வரி இதுதான்.

இனிச் சொல்லப்போவது எங்கள் கடற்கரைக்கே உரியது. இதை எந்த வழிகாட்டியிலும் நான் பார்த்ததில்லை. உச்சிப்புளிப் பக்கம் டியூஷன் நடத்தும் டீச்சர் ஒருவர், திரை 1024க்கு 768இல் நின்றுவிட்டது, டிரைவரை மாற்றுங்கள் என்று வந்தார். பார்த்தால் இன்டெல் சிப், ‘இன் யூஸ்’ வரியில் ஐ915 ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. டிரைவரில் கோளாறே இல்லை. விஜிஏ கேபிளின் முனையைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். பதினைந்து முள்ளில் கடைசி வரிசையில் இரண்டு முள் பச்சை பூத்துப்போயிருந்தன. 12ஆவது முள்ளும் 15ஆவது முள்ளும். மானிட்டர் தன் அளவு என்ன, எந்தெந்தத் தெளிவில் படம் காட்டும் என்ற விவரத்தைக் கணினிக்குச் சொல்வது அந்த இரண்டு முள் வழியாகத்தான். அவை தொடவில்லை என்றால் கணினிக்கு மானிட்டர் எதுவென்று தெரியாது, பத்திரமான ஒரு சிறிய அளவுக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றியதும் திரை 1366க்கு 768க்குத் தானாக வந்துவிட்டது. வேறு எங்காவது கொடுத்திருந்தால் ஓஎஸ்ஸையே ஃபார்மட் அடித்து மறுபடி போட்டுப் பணம் வாங்கியிருப்பார்கள், திரை அப்படியேதான் இருந்திருக்கும்.

இங்கே உப்புக்காற்று என்ன செய்யும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு தின்று, 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்க வேண்டி வந்தது. ஒரு கிராபிக்ஸ் கார்டின் விளிம்பில் இருக்கும் தங்கமுலாம் எம்மாத்திரம்! வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரம் வைத்த கேபினட்டைத் திறந்தால் ஸ்க்ரூவெல்லாம் துருவேறி இருக்கும். எல்எஸ்பிசிஐ பட்டியலில் கார்டே வரவில்லை என்றால் டிரைவரைத் தொடாதீர்கள். கரண்டை நிறுத்தி, ஒயரைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி, விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஸ்லாட்டில் ‘டக்’ என்று உட்காரும்படி மாட்டிப் பாருங்கள். பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் டிரைவர் பேச்சு. பட்டியலில் வராத கார்டுக்கு எந்த டிரைவரும் உதவாது.

இதையெல்லாம் நான் எழுதக் காரணம், இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வழியில்லை என்பதுதான். புதுக் கணினி வாங்கும் நிலையில் எங்கள் ஊரில் பல வீடுகள் இல்லை. படகு ஓடாத மாதத்தில் அடகுக்குப் போகிற வீடுகள் அவை. பிளஸ் ஒன் கணினிப் பாடத்தில் லினக்ஸ் வருகிறது, படிக்கிறார்கள், தேர்வும் எழுதுகிறார்கள். வீட்டில் போட்டுப் பார்க்கும்போது திரை கறுத்தால் கேட்க ஆளில்லை. தமிழில் எடுத்துப் படிக்க ஒரு பக்கம் கையில் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என் கடைக்கு வரும் ஒரு மாணவி, எட்டாம் வகுப்புப் பிள்ளை, எல்எஸ்பிசிஐ பட்டியலை வரிவரியாகப் படித்து இது ஏஎம்டி, இது சவுண்டு, இது நெட்வொர்க் என்று சொல்லுகிறாள். ஒருமுறை காட்டிக் கொடுத்ததுதான்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, லினக்ஸ் போடுவது எப்படி என்று எழுதும்போது, சிப்பின் எண்ணைப் பார்ப்பதையும் நோமோட்செட் கொடுத்து உள்ளே நுழைவதையும் சேர்த்து ஒரு கட்டம் கட்டிப் போடுங்கள். ‘லினக்ஸ் போட்டால் போதும்’ என்று மட்டும் எழுதினால் அரைகுறையாகிவிடும். பள்ளிக்கும் ஊர் நூலகத்துக்கும் பழைய கணினியை நன்கொடையாகத் தரும் நல்ல மனிதர்கள், தருவதற்கு முன் அந்த எல்எஸ்பிசிஐ வரியை ஒரு தாளில் அச்செடுத்து கேபினட்டின் உள்பக்கம் ஒட்டித் தாருங்கள். பிறகு பழுது பார்க்க வருகிறவருக்குப் பாதி நேரம் மிச்சம்.

செகண்ட் ஹேண்ட் கார்டு விற்கும் கடைக்காரர்களுக்கும் உங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். உங்களிடம் கார்டைச் சோதித்துப் பார்க்கக் கணினி இருக்கிறது. அதில் மாட்டி அந்த ஒரு வரியைப் பார்த்து, ஜிஎஃப்108 என்றால் ஜிஎஃப்108, ஜிகே208 என்றால் ஜிகே208 என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்களும் அந்தப் பெயர் இல்லாத பில்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள், நின்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
கணினி சேவைக் கடை நடத்தும் வாசகி,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.